நாற்பத்தோராம் உருளை

புடாபெஸ்ட்
6 அக்டோபர் 1952
(தபாலில்)

அன்புள்ள வெரோன் அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஒலிப்பதிவுப் பெட்டியை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப் போனதுதான் மிச்சம். பாட்டுகளைப் பதிந்த மெழுகு உருளைகள் ஒன்றுகூட உடையவில்லை. நீங்கள் கட்டிக் கொடுத்த வாத்துக் கொழுப்பு தடவிய ரொட்டியில் பாதியை எதிரே உட்கார்ந்திருந்த சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சந்தோஷச் செய்தி. கடைசி நாளன்று கணவரின் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு ஒரு ஒப்பாரி பாடினீர்களே, அதுதான் என் நாற்பத்தோராம் உருளை. பேராசிரியர் ஓர்மோஷ் அதைக் கேட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நாட்டுப் பாட்டு ஆராயும் எங்கள் அலுவலகத்தில் அவர் அப்படி நின்றால் ஏதோ பெரியது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் குரல் ஐந்து சுரங்களை மட்டுமே தொடுகிறது, அத்தை. மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது. முதல் பாதியில் பாடியதையே அடுத்த பாதியில் ஐந்து படி கீழே வைத்துப் பாடுகிறீர்கள். உங்கள் ஊர்க் கல்யாணப் பாட்டுகளில் இந்த அமைப்பு உண்டு. ஒப்பாரியில் நான் கேட்டதே இல்லை. பேராசிரியரும் கேட்டதில்லையாம்.

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி ஆய்வுக் குழுவின் முன் இதைப் போட்டுக் காட்டப் போகிறார். அதற்குள் நான் சுரத்தையும் சொற்களையும் தாளில் எழுதி முடிக்க வேண்டும். "பொணம் இல்லாம எப்படிம்மா ஒப்பாரி வெக்கிறது" என்று மூன்று நாள் என்னை அலைய விட்டீர்களே, நினைவிருக்கிறதா? கடைசியில் மனமிரங்கியதற்கு நன்றி.

அன்புடன்,
ஷரோல்தா

*

கெரெஸ்தெலெக்
12 அக்டோபர்
(யூலிஷ் கையில்)

ஷரோல்தா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். கொண்டு வந்தவள் யூலிஷ். சனிக்கிழமை தோறும் புடாபெஸ்ட் சந்தைக்குத் தயிரும் மிளகாய்ப் பொடியும் கொண்டு போகிறவள். வாயாடிதான், ஆனால் முக்கியமான இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். படித்ததும் அடுப்பில் போடு, மகளே. அவள் பார்க்கும்போதே போடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு பிசையப் போனேன். பிசைந்துகொண்டே, அன்றைக்கு என்ன பாடினோம் என்று யோசித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

ஐந்து சுரமோ ஆறோ எனக்குத் தெரியாது. எண்ணிக்கொண்டா அழுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒப்பாரி என்றால் என்ன என்பதை நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. செத்தவரிடம் வீட்டு நிலவரத்தைச் சொல்வதுதான் ஒப்பாரி. மாடு ஈன்றது, கூரை ஒழுகுகிறது, யார் வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் போகிறவரை ஒன்றும் தெரியாதவராக அனுப்பக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. என் கணவர் மார்ட்டோன் போரில், டான் நதிக்கரையில் பனியில் போனவர். உடம்பு வரவில்லை. உடம்பு வராததால் ஒப்பாரியும் வைக்கவில்லை. ஒன்பது வருஷத்துச் செய்தி என் தொண்டைக்குள்ளேயே கிடந்தது. நீ அந்தப் பித்தளைக் குழாயைக் காட்டி உட்கார்ந்தாய், நான் கோட்டைத் தொட்டேன். அவ்வளவுதான், எல்லாம் வந்துவிட்டது.

என் மகன் பாலின்ட் வந்ததையும் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் அவன் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான் என்றேன். எங்களைப் பணக்கார விவசாயி என்று பட்டியலில் போட்டதால், அவனைப் படைக்கு எடுத்தபோது துப்பாக்கி தரவில்லை, மண்வெட்டி கொடுத்து நிலக்கரி தோண்ட அனுப்பினார்கள். அங்கிருந்து ஆகஸ்டில் ஓடி வந்துவிட்டான். திராட்சை மலையில், ஒயின் பிழிய வைத்திருக்கும் எங்கள் பிழி வீட்டில், பெரிய பீப்பாய்க்குப் பின்னால் இருக்கிறான். இத்தனையையும் அவன் அப்பாவிடம் சொன்னேன். அவரிடம் மட்டும்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

அந்த உருளையைக் கீழே போட்டு உடைத்துவிடு. மெழுகுதானே, கை தவறியது என்றால் யார் கேட்கப் போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

வெரோன்

*

புடாபெஸ்ட்
18 அக்டோபர்
(யூலிஷ் கையில்)

அத்தை,

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். யூலிஷ் அக்கா சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் பாடியபோது உங்கள் எதிரில் ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல்லைக்கூட நான் கேட்கவில்லை. வரி எந்தச் சுரத்தில் இறங்கி நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரி கீழே போகுமா என்று காத்திருந்தேன். போனபோது துள்ளிக் குதிக்கத் தோன்றியது. நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். வெட்கமாக இருக்கிறது.

இன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு குழாயில் காதை வைத்து, சொற்களை மட்டும் கேட்டேன். எல்லாம் இருக்கிறது. பெயர் இருக்கிறது, பீப்பாய் இருக்கிறது, "உம் பையன் குளிருல இருமுறான், நான் துணி கொண்டுபோனேன்" என்பதும் இருக்கிறது.

ஆனால் அத்தை, அவசரப்பட வேண்டாம். மெழுகு ஒலியில் எப்போதும் கரகரப்பு உண்டு. பழகாத காதுக்குச் சொற்கள் பிடிபடாது. தாளில் எழுதுகிறவள் நான்தான். வேறு சொற்களை எழுதிவிடுகிறேன். கூரை ஒழுகுகிறது, மாடு ஈன்றது என்று. குழுவில் இருப்பவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள், தாளில் இருப்பதுதான் காதில் விழும். உருளையை உடைப்பது... எப்படிச் சொல்வது. இது போல் இன்னொன்று இல்லை. அது மட்டுமா என்றால், இல்லை, அது மட்டுமில்லை. போன வசந்தத்தில் எங்கள் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் ஒரு பெட்டி உருளைகளை வெயிலில் வைத்துவிட்டார். உருகிப் போயிற்று. நாசவேலை என்றார்கள். அவருடைய மேசையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் கோழை, அத்தை. என் அம்மாவுக்கு என்னை விட்டால் யாருமில்லை.

சொற்களை மாற்றுகிறேன். அது போதும் என்று நம்புகிறேன்.

ஷரோல்தா

*

கெரெஸ்தெலெக்
25 அக்டோபர்
(யூலிஷ் கையில்)

ஷரோல்தா,

நம்புகிறாயா. நல்லது. நீ நம்பிக்கொண்டு கதகதப்பான அறையில் உட்கார்ந்திரு.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மலையில் திராட்சை அறுவடை தொடங்கிவிட்டது. என் பிழி வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். அவன் பகல் முழுக்க இருமலை வாயில் துணி வைத்து அமுக்கிக்கொண்டு கிடக்கிறான். ஒவ்வொரு வருஷமும் பறிக்க வரும் பெண்களை இந்த வருஷம் வர வேண்டாம் என்றேன். அது ஏன் என்று இரண்டு பேர் கேட்டாயிற்று. முதுகு ஒடிய நானே பறித்து நானே பிழிகிறேன். பீப்பாயை நகர்த்த ஆள் வேண்டாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் பாதி வாசலுக்குள் வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவரைத் தள்ளி வெளியே விட்டேன்.

அப்புறம் ரொட்டி. வாரத்துக்கு ஒரு தரம் சுடுகிறவள் இப்போது இரண்டு தரம் சுடுகிறேன். புகையை யார் மறைப்பது. ஊர் மன்றத் தலைவர் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "ஏன் வெரோன், ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு இம்புட்டு ரொட்டி? வாத்துக்கெல்லாம் விருந்தா?" ஆமாம், அதுகளும் இப்போது சொந்தக்காரர் மாதிரி நேரத்துக்குச் சாப்பாடு கேட்கின்றன என்றேன். சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

பழகாத காது என்று எழுதுகிறாய். பழகிய காது ஒன்று வந்து உட்கார்ந்தால் என்ன செய்வாய்? இந்தப் பக்கத்து ஆள் ஒருவன் அந்த அறையில் இருந்தால் போதும். எங்கள் ஊர்ப் பேச்சை அவன் தாளைப் பார்த்தா கேட்பான்?

உனக்கு உன் ஐந்து சுரம் வேண்டும். எனக்கு இருப்பது ஒரே பையன். உன் அம்மாவுக்கு உன்னை விட்டால் யாருமில்லை என்கிறாய், எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்? என் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டாய். உன்னை மகளே என்று கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் கூப்பிடவில்லை, கவனித்துக்கொள்.

முடித்துவிட்டு எழுது. இல்லையென்றால் எழுதாதே.

வெரோன்

*

புடாபெஸ்ட்
8 நவம்பர்
(யூலிஷ் கையில்)

அத்தை,

முடித்துவிட்டேன்.

போன திங்களன்று குழுவில் வரப்போகிறவர்களின் பட்டியல் வந்தது. அதில் கெலெமென் என்று ஒருவர், உங்கள் மாவட்டப் பண்பாட்டுத் துறைக்காரர். பிறந்த ஊர் எது என்று பார்த்தேன். உங்களுக்கு அடுத்த ஊர். நீங்கள் சொன்ன காது அதுதான்.

உடைப்பதற்குத் தைரியம் வரவில்லை. வேறொன்று செய்தேன். பழைய உருளையைச் சீவி மழமழவென்று ஆக்கி மறுபடி பதிவு செய்ய எங்களிடம் ஒரு சிறு கருவி உண்டு. தட்டச்சு செய்யும் பெண் பன்றிக் கொழுப்பு வாங்கும் வரிசையில் நிற்கப் போயிருந்தாள். வெற்று உருளைகள் இருக்கும் பெட்டியில் நாற்பத்தொன்றை வைத்து, பிறகு அதிலிருந்தே எடுத்து, கருவியில் மாட்டிச் சீவினேன். மெழுகு சுருள் சுருளாக என் பாவாடையில் விழுந்தது. நான் எழுதி வைத்திருந்த சுரக்குறிப்பையும் அடுப்பில் போட்டேன். ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் மகனை விடப் பெரியதென்று அந்த உருளையை நினைத்த மூன்று வாரங்களுக்காக என்னை மன்னியுங்கள்.

பேராசிரியரிடம், வெற்று உருளை என்று நினைத்துச் சீவிவிட்டேன் என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு பிழையை எங்கள் அலுவலகத்தில்தான் செய்ய முடியும், அதனால் நம்பினார். பிறகு தலையைத் தூக்கி, "பாடினவங்க உயிரோட இருக்காங்க இல்ல? அப்ப மறுபடி போயி வாங்கிட்டு வா" என்றார்.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. குழுக் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நவம்பர் இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். உங்கள் திராவா நதி எல்லைப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு தருகிறவர் கெலெமென். அவரும் கூட வருகிறாராம். பாட்டைக் கேட்கத்தான் என்கிறார். ஆனால் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

உங்கள் மகனை மலையிலிருந்து எங்காவது மாற்றிவிடுங்கள். உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ, எப்போதோ போன யாருக்காவது பாடுங்கள். வீட்டுச் செய்தி எதையும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷரோல்தா

*

கெரெஸ்தெலெக்
16 நவம்பர்
(தபாலில்)

மதிப்பிற்குரிய தோழர் ஷரோல்தா அவர்களுக்கு,

தங்கள் வருகை பற்றி அறிந்து மகிழ்ந்தேன். உழைக்கும் மக்களின் பாட்டைப் பதிவு செய்ய வரும் தோழர்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்வேன். யூலிஷின் பயண அனுமதியை இந்த வாரம் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆகவே தாங்கள் கேட்ட மிளகாய்ப் பொடியை அனுப்ப முடியவில்லை.

வீட்டில் எல்லாம் நலம். மலையில் ஒரு வாத்து நோயாக இருந்தது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. பதிமூன்றாம் தேதி காலை, பனிமூட்டத்தில் நதிப் பக்கம் போயிற்று. திரும்பவில்லை.

இப்படிக்கு,
போதிஷ் மார்ட்டோனின் விதவை வெரோன்

*

புடாபெஸ்ட்
29 நவம்பர்
(யூலிஷ் கையில்)

அத்தை,

யூலிஷ் அக்காவுக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது என்று அவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். நான்கு நாளாகத் தூக்கமில்லை.

உங்கள் வீட்டில் வைத்து எதையும் கேட்க முடியவில்லை. கெலெமென் ஒரு நொடிகூட நம்மைத் தனியாக விடவில்லை. நீங்கள் ஊற்றிக் கொடுத்த பீன்ஸ் சூப்பை ரசித்துச் சாப்பிட்டார், சின்ன வயதில் உங்கள் ஊருக்குக் கல்யாணத்துக்கு வந்த கதையைச் சொன்னார், உங்களை அத்தை என்றே கூப்பிட்டார். எனக்கு அவர் மீது இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது. அப்போதுதான் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மலையில உங்க பிழி வீடு இருக்குல்ல அத்தை, சாயங்காலமா ஒரு எட்டு போயி புது ஒயினை ருசி பாக்கலாமா? ஆமா, பையன் எங்க இருக்கான்? சுரங்க கேம்ப்ல இல்லைன்னு தாக்கீது வந்துருக்கே."

என்னைப் பார்த்து, "மிஷின வை" என்றீர்கள். நான் வெற்று உருளையை மிஷினில் மாட்டினேன். நீங்கள் அலமாரியைத் திறந்தபோது கணவரின் கோட்டை எடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். ஒரு தொப்பியை எடுத்தீர்கள். சின்னத் தொப்பி, இளைஞர்கள் போடுவது.

இந்த முறை எனக்குச் சுரம் எதுவும் காதில் விழவில்லை. சொற்கள் மட்டும்தான். "பாலின்ட், என் ஒத்தப் பிள்ளையே, திராவாவுல என்னத்தத் தேடிப் போன. பனி மூடுன காலையில உன்னை யாரு கூப்பிட்டா. உன் பூட்ஸு ஒண்ணு கரையில கிடந்துச்சே, இன்னொண்ணு எங்க. உன் அப்பனுக்கும் குழி இல்ல, உனக்கும் குழி இல்ல, நான் எந்த மண்ணுல விழுந்து அழ." கெலெமென் தன் தொப்பியைக் கழற்றிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வாசலில் வந்து நின்று தேம்பினார்கள். உங்கள் ஊரில் செத்தவர்களிடம் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவர் அந்தப் பக்கத்தவர். உருளை முடிந்து ஊசி தேய்ந்துகொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. மலைக்குப் போகும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. ரயிலில் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதி, கீழே ஒரு கோடு போட்டார்.

அத்தை, உண்மையா? உங்கள் மகன் போய்விட்டாரா? நான் வந்து செய்த எதனாலாவது இப்படி ஆயிற்றா? ஒரு வரி எழுதுங்கள்.

ஷரோல்தா

*

கெரெஸ்தெலெக்
6 டிசம்பர்
(யூலிஷ் கையில்)

மகளே,

உண்மையா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது.

பதிமூன்றாம் தேதி பனி இறங்கியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நீ கெலெமென் வருவதை எழுதிய பிறகு மலையில் அவன் இருக்க முடியாது. யூலிஷின் தம்பிதான் கரை வரை வழி காட்டினான். காவல் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே, காலடித் தடம் தெரிவதற்காக மண்ணை உழுது போட்டிருக்கும் பட்டையைத் தாண்டி, கண்ணிவெடி எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த மட்டும் சொல்லி அனுப்பினான். நான் வாத்துகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு கரைக்குச் சற்று இப்பால் நின்றேன். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. காட்டுப் பன்றி மிதித்தாலும் வெடிக்கும், வாரத்துக்கு ஒரு தரம் வெடிக்கத்தான் செய்கிறது. நான் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு ஆக்கினேன். வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்.

பூட்ஸ் கதை நானாகச் சொன்னது. யாரும் கரையில் எதையும் பார்க்கவில்லை.

கெலெமென் மலைக்குப் போகலாமா என்றாரே, அப்போது பிழி வீட்டில் அவன் படுத்த வைக்கோலில் உடம்பு அமுங்கிய குழி அப்படியே இருந்தது. கிண்ணம் இருந்தது. இருமலுக்கு வைத்த துணி இருந்தது. முதுகு போனதில் என்னால் அதையெல்லாம் அள்ளிப் போட முடியவில்லை, நாளைக்கு, நாளைக்கு என்று விட்டிருந்தேன். அவர் பார்த்திருந்தால் என்னையும் கொண்டு போவார், யூலிஷையும், அவள் தம்பியையும். செத்தவனைத் தேடி யாரும் மலை ஏற மாட்டார்கள். அது மட்டும்தான் அந்த நேரம் என் மண்டையில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைக்க மாட்டார்கள், ஷரோல்தா. விளையாட்டுக்கு முனகினாலே வாயில் அடிப்பார்கள். உன்னிடம் மூன்று நாள் முடியாது என்றேனே, அது சும்மா பிகு இல்லை. நான் என் மகன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தேன். அதை விட, எத்தனை சுலபமாக வந்தது என்பதுதான் என்னைக் கலக்குகிறது. தேட வேண்டியிருக்கவில்லை. யாரோ எடுத்துக் கொடுத்த மாதிரி வந்தது. அந்த வெடிச் சத்தம்தான் எடுத்துக் கொடுத்ததோ என்று நினைக்கிறேன், பிறகு நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஊர் முழுக்க நம்பிவிட்டது. தலைவர்கூட வேலியில் சாயாமல் நேராக நின்று வருத்தம் சொன்னார். கறுப்பு உடுத்தியிருக்கிறேன். பாதிரியார் மணி அடிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன், உடம்பு கிடைக்கட்டும் என்றேன். ஒருவருக்கு ஒரு ஒப்பாரிதான். அவனுக்கு உரியதைச் செலவழித்துவிட்டேன். இனி நிஜமாகவே ஆள் வந்து சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில் கரையேறியிருந்தான் என்றால் அவன் எழுதுவான். அம்மா, நான் நலம் என்று ஒரு அட்டை. அவன் அப்படிப்பட்டவன், சொல்லாமல் இருக்க மாட்டான். அந்நிய முத்திரையோடு அந்த அட்டை எங்கள் ஊர்த் தபால் மேசையில் விழுந்த அன்றைக்கு, நான் மிஷினுக்கு முன்னால் நாடகம் ஆடியது தெரிந்துவிடும். உன்னையும் விட மாட்டார்கள், மிஷினைக் கொண்டு வந்தவள் நீதானே. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடுகிறேன்.

வெரோன்

*

புடாபெஸ்ட்
31 ஜனவரி 1953
(யூலிஷ் கையில்)

அன்புள்ள அத்தை,

உடனே பதில் வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தப் புது உருளையைப் பேராசிரியர் குழுவில் போட்டார். அதுவும் ஐந்து சுரம்தான், முதல் பாதியை அப்படியே ஐந்து படி கீழே இறக்கியிருக்கிறீர்கள். நான் கவனிக்கவில்லை, அவர் சொல்லித்தான் தெரியும். வானொலிக்காரர்கள் அதை இசைத்தட்டில் பதிந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிப்ரவரி பதினைந்து, ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நாட்டுப் பாட்டு நிகழ்ச்சியில் ஒரு நிமிஷம் ஒலிபரப்பப் போகிறார்கள். நதியில் போன மகனுக்குத் தாய் பாடியது என்று சொல்வார்களாம். உங்கள் பெயர், வயது, ஊர், எல்லாம் சொல்வார்கள், அது எங்கள் வழக்கம். கெலெமென் ஆட்சேபிக்கவில்லை. திராவாவைத் தாண்ட நினைக்கும் பையன்களுக்கு நல்ல பாடமாக இருக்கும் என்றாராம்.

உங்கள் மகனுக்காகப் பாடக் கூடாததைப் பாடினீர்கள். அதை நாடு முழுக்க, அக்கரை வரைக்கும் கேட்க வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வானொலி நிலையத்துக்கு உருளைகளைக் கொண்டு போவது நான்தான். தட்டு இருக்கும் அறை எனக்குத் தெரியும். மெழுகு போலச் சீவ முடியாது, ஆனால் கீறிவிட ஒரு ஆணி போதும். இரண்டாவது முறை என்பதால் பேராசிரியர் நம்ப மாட்டார். தெரிந்துதான் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, ஆனாலும் செய்கிறேன். சரி என்று ஒரே ஒரு சொல்லை யூலிஷ் அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள்,
ஷரோல்தா

*

கெரெஸ்தெலெக்
7 பிப்ரவரி
(யூலிஷ் கையில்)

என் மகளே,

தொடாதே. ஆணியைக் கீழே போடு.

நீ எழுதியதைப் படித்தபோது முதலில் எனக்கும் கை கால் ஓடவில்லை. உட்கார்ந்து, எழுந்து, வாத்துக்குத் தீனி வைத்து, மறுபடி உட்கார்ந்தேன். அப்புறம்தான் ஒரு சொல்லில் வந்து நின்றேன். அக்கரை வரைக்கும் கேட்கும் என்று எழுதியிருக்கிறாயே.

அக்கரையிலும் நம் பேச்சுக்காரர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு புடாபெஸ்ட் வானொலியைத்தான் திருகுவார்கள். அவன் அங்கே ஏதாவது ஒரு வீட்டில் சோற்றுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தால் கேட்பான். கேட்காவிட்டாலும், கெரெஸ்தெலெக் வெரோன் மகனுக்கு அழுதாள் என்று யாராவது சொல்வார்கள். அம்மா உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். வைத்திருக்கிறாள் என்றால், இங்கே அவன் செத்தவனாக இருந்தாக வேண்டும் என்று புரிந்துகொள்வான். எழுதக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது, திரும்பவே கூடாது என்று புரியும். மந்தமான பையன் இல்லை. அப்பாவை விட அவன் சூட்டிகை.

அதனால் நன்றாகப் போடச் சொல். என் பெயரைத் தெளிவாகச் சொல்லச் சொல். ஊர்ப் பெயரை விழுங்கிவிட வேண்டாம். ஒரு நிமிஷம் என்றால் அவன் பெயர் வரும் இடமாகப் பார்த்து எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார், வற்புறுத்தாதே.

என்னிடம் ரேடியோ இல்லை. ஊர் மன்ற வாசலில் ஒலிபெருக்கி இருக்கிறது, அங்கே போய் நிற்பேன். எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் அழுவேன், அதற்கு நடிக்க வேண்டியதில்லை.

நீ இனி எழுதாதே. யூலிஷின் அனுமதியை மறுபடி பிடுங்கினால் வழியில் அகப்படுவது உன் கையெழுத்து. மகளே என்று கூப்பிட மறுத்ததை மறந்துவிடு, கோபத்தில் சொன்னது.

நேற்றுத் தபால்காரர் என் வாசலில் நிற்காமல் போனார். அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். பெற்ற பிள்ளையிடமிருந்து ஒரு வரிகூட வந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒன்றும் வராமல் இருந்தால், அவன் கேட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வேன். ஒரு மாதம் வராவிட்டாலும் அப்படித்தான், ஒரு வருஷம் வராவிட்டாலும் அப்படித்தான். வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வெரோன்